பென்சிலில் நின்றுபோன அட்டை

என் மகளின் சோதனை அட்டையில், "கடந்த ஆறு கிழமைக்குள் ஏதும் வருத்தம் வந்ததா?" என்ற கேள்விக்கு நேரே "இல்லை" என்று எழுதியது நான்தான். அதை எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரிந்திருந்ததா? இரண்டு வருடமாக இதை என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சமைக்கும்போது கேட்டால் தெரியாது என்று தோன்றுகிறது. பிள்ளைக்குத் தலை சீவும்போது கேட்டால் தெரிந்துதான் எழுதினாய் என்று தோன்றுகிறது. இன்றுவரை ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

என்னை ஓய்வுபெற்றவள் என்று சொன்னால் சிரிப்பு வரும். எனக்கு வயது இருபத்தொன்பது. யுத்தத்துக்கென்று துறைமுகத்தடியில் தற்காலிகமாகத் திறந்த கசநோய்க் கிளினிக்கில் தாதியாக வேலை பார்த்தேன். இப்போது நிரந்தரக் கிளினிக் வந்துவிட்டது, தற்காலிகமாக வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் இரண்டு பிள்ளைகள், "அக்கா, கை பார்க்கிறது எப்பிடியெண்டு எழுதித் தாங்கோ, புத்தகத்திலை இருக்கிறது விளங்கேல்லை" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் எழுதத் தொடங்கினேன். முதல் இரண்டு பக்கம் ஊசியைப் பற்றி வந்தது. பிறகு வந்தது இது. இதை அவர்களிடம் கொடுக்க மனம் வராததால் இந்த இதழின் பெண்கள் பகுதிக்கு அனுப்புகிறேன்.

வேலை இதுதான். ஒரு வீட்டில் ஒருவருக்குக் கசநோய் என்று தெரிந்தால், அவரோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களை அழைத்து, அவர்களுடைய உடம்புக்குள்ளும் அந்தக் கிருமி புகுந்து சத்தமில்லாமல் உறங்குகிறதா என்று பார்ப்பது. இருமல் இல்லாமலே அது உள்ளே இருக்கும். வருடக்கணக்காக இருந்துவிட்டு எழும்பினாலும் எழும்பும், எழும்பாமலே போனாலும் போகும். அதைக் கண்டுபிடிக்க இடது முன்கையின் உட்பக்கத்தில் ஒரு சொட்டிலும் குறைவான மருந்தை ஊசியால் ஏற்ற வேண்டும். ஊசி தோலைத் தாண்டி இறங்கினால் பிழை. தோலுக்குள்ளேயே படுக்க வேண்டும். சரியாகப் போனால் ஒரு உழுந்தளவு மேடு எழும்பி, அதன் மேல் தோடம்பழத் தோல் போலச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிடும். மூன்றாம் நாள் அந்த இடம் தடித்து வந்தால் கிருமி உள்ளே இருக்கிறது. வராவிட்டால் இல்லை. பெரும்பாலும் இல்லை.

கொழும்பில் ஆறு கிழமை பயிற்சி தந்தார்கள். அங்கே சொல்லித் தந்தது சிவப்பைத் தேட. எங்கள் ஆட்களின் கையில் சிவப்பு எங்கே தெரியும்? அதைச் சொன்னவர், கிளினிக்கில் டொக்டர் இடத்தில் இருந்த எங்கள் அப்போதிக்கரி ஐயா. ஐம்பது வயது தாண்டியவர், மட்டக்களப்பு ஆள், எதையும் இரண்டாம் தரம் கேட்க மாட்டார். முதல் நாளே ஒரு தொழிலாளியின் கையை என் முன்னால் நீட்டி, "கண்ணை மூடுங்கோ" என்றார். மூடினேன். "இப்ப விரலாலை வெளியிலையிருந்து உள்ளுக்கு வாங்கோ. எங்கை தடக்குதோ அங்கை நில்லுங்கோ." தடக்கியது. கண்ணைத் திறந்தால் பார்வைக்கு அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. "கண் ஆசைப்பட்டதைப் பார்க்கும் மிஸி. விரல் அப்பிடியில்லை" என்றார். அன்று நான் அதை அப்படியே நம்பினேன்.

நான் அளந்ததை அட்டையில் பென்சிலால் எழுதுவேன். ஐயா என் இலக்கத்தைப் பார்க்காமல் கதிரையை யன்னலடிக்கு இழுத்துப் போட்டு, தானும் கண்ணை மூடித் தடவிப் பார்ப்பார். இரண்டும் ஒத்து, அட்டையில் உள்ள மற்றப் பதில்களிலும் அவருக்குத் திருப்தி வந்தால் மட்டும் பென்சிலின் மேல் மையால் எழுதுவார். மை பட்டால்தான் அட்டை முடிந்தது. தன் உறவினரின் கையை யாரும் தாங்களே பார்க்கக் கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம்.

சந்தேகப்படவும் அவர்தான் பழக்கினார். கை தடித்தவர்களுக்குப் பால்மா டின் கிடைத்தது. கூப்பன் காலத்தில் அது சின்ன விசயமில்லை. ஆனால் கப்பல் வேலைக்கு டொக்யாட்டுக்குள் போகப் பாஸ் வேண்டியவர்களுக்குக் கை தடித்தால் வில்லங்கம். ஆகவே சிலர் காஞ்சோண்டி இலையைத் தேய்த்து வீங்க வைத்துக்கொண்டு வருவார்கள். சிலர் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்து அடக்கப் பார்ப்பார்கள். ஒருநாள் கரி ஏற்றும் ஆள் ஒருவர், முழங்கைவரை வீங்கிய கையை மேசையில் வைத்துக்கொண்டு முனகினார். ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அண்ணை, ஊசி போட்டது இடக்கை. நீங்கள் காட்டுறது வலக்கை."

"மறந்துபோச்சு ஐயா."

"கிருமிக்கும் மறந்துபோச்சோ?"

வாங்குப் பலகையில் காத்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். அந்த மனிதரும் சிரித்தார். போகும்போது, "ஒரு டின் தந்தா என்ன குறைஞ்சு போவியள்" என்றும் கேட்டார். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து மேசைக்கு வந்த ஒவ்வொரு கையையும் பொய் சொல்லும் கையாகவே பார்க்கத் தொடங்கினேன். வீட்டிலும் அதுதான். என் கணவர் டொக்யாட் களஞ்சியத்தில் கிளார்க். அவர் கடையால் கொண்டுவந்த மிச்சக்காசு குறைந்தால்கூட நான் மூன்று கேள்வி கேட்பேன். "இனி என்ரை கையையும் யன்னலடிக்குக் கொண்டுபோகப் போறீரோ?" என்பார்.

எங்கள் மகள் வசந்திக்கு அப்போது இரண்டு வயது. பகலில் அவளைப் பாக்கியக்காதான் பார்த்துக்கொண்டார். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. கணவர் கந்தசாமி அண்ணை கப்பலுக்குக் கரி ஏற்றுகிறவர். ஒரே பிள்ளை சரசு, வயது ஏழு. என் மகள் சரசுவின் இடுப்பிலேயே வளர்ந்தாள் என்று சொல்லலாம். பாக்கியக்கா வீட்டில் என்னைத் தங்கச்சி என்பார். தெருவில் யூனிபோர்மோடு கண்டால் மட்டும் மிஸி.

கந்தசாமி அண்ணை இருமினார். கரித்தூசு என்றார்கள். கரித்தூசாகவும் இருக்கலாம் என்று நானும் விட்டேன். எல்லாவற்றிலும் சந்தேகப்பட்ட நான் அதில் மட்டும் ஏன் சந்தேகப்படவில்லை? சளியைச் சோதித்தபோது கசம் என்று வந்தது. பட்டியல் எழுதும்போது ஐயா கேட்டார், "அந்த வீட்டிலை பகலிலை வேறை ஆரும் இருக்கிறவையோ?"

"என்ரை பிள்ளை, ஐயா."

அவர் மூன்றாவது அட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

ஊசி போடுவதற்கு முன் அட்டையில் கேள்விகளை நிரப்ப வேண்டும். அதில் முக்கியமானது சின்னமுத்து, அதாவது தட்டம்மை. சின்னமுத்து வந்து இரண்டொரு மாதத்துக்குள் ஊசி போட்டால், கிருமி உள்ளே இருந்தாலும் கை தடிக்காது. உடம்பு அந்தக் காலத்தில் பதில் சொல்ல மறந்துவிடும். அப்படி வரும் வெறுங்கையை நம்பினால் பிள்ளையை நாங்கள் கைவிட்டதாகும். ஆனால் இங்கே எந்தத் தாயிடமும் சின்னமுத்து வந்ததா என்று கேட்க ஏலாது. அது நோயில்லை. அம்மாள் வீட்டுக்கு வந்திருக்கிறா. வந்து, விளையாடி, தண்ணீர் வார்த்ததும் போவா. நேர்த்தி முடியுமுன் அதைப் பற்றி வெளியில் கதைத்தால் அவவுக்குக் கோபம் வரும். ஆகவே, "அம்மாள் ஏதும் வந்து போனவவோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்போம்.

பாக்கியக்காவிடமும் அப்படித்தான் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "ஒண்டுமில்லை மிஸி" என்றார். எழுதினேன்.

பிறகு வசந்தியின் அட்டை. என்னைக் கேட்க யாரும் இல்லை, நானே கேட்டு நானே எழுத வேண்டும். மூன்று கிழமைக்கு முன் அவளுக்கு இரண்டு நாள் உடம்பு சுட்டது. முதுகிலும் கழுத்திலும் பொடிப்பொடியாக ஏதோ போட்டது. நாலு நாள் பாக்கியக்கா வீட்டுக்கு அனுப்பவில்லை. வெயில் காலம், வேர்க்குரு என்று சொன்னேன். கணவரும் வேர்க்குருதான் என்றார். "இல்லை" என்று எழுதினேன்.

வேர்க்குரு வந்த பிள்ளையின் தலையணைக்குக் கீழ் யாரும் வேப்பிலை வைப்பதில்லை. நான் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் வசந்தியின் கையை ஐயாவே பார்த்தார். கண்ணை மூடி, மூன்று முறை தடவி, "வெறுங்கை" என்றார். நான் பென்சிலால் எழுதினேன், கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பாக்கியக்கா வந்தார். அவருடைய கை தடித்திருந்தது. பெரியவர்களுக்கு அது அதிசயமில்லை. சரசுவின் கையைத் தடவினேன். வெறுமையாக இருந்தது.

தகப்பனோடு ஒரே பாயில் படுத்த பிள்ளைக்கு வெறுங்கையா? பாக்கியக்காவுக்கு ஒரு அத்தாட்சித் துண்டு தேவைப்பட்டது எனக்குத் தெரியும். திரியாயில் இருந்த தமக்கை, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தால் தான் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் வீட்டில் கைக்குழந்தை. துண்டு கிடைத்தால் சரசு அந்த இருமலிலிருந்து தப்பிப் போகலாம். அப்போதுதான் கையைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். மஞ்சள். மணிக்கட்டிலிருந்து தோள்மட்டும் மஞ்சள் படிந்திருந்தது.

"என்ன இது? கையிலை ஒண்டும் பூசப்படாது எண்டு சொன்னனானெல்லோ?"

"பூசேல்லை மிஸி."

"மஞ்சள் வைச்சு ஒத்தடம் குடுத்து அமத்திக்கொண்டு வந்து என்னட்டைப் பொய் சொல்லுறீரோ, பாக்கியம்?"

அக்கா என்ற சொல்லை நான் விட்டது எனக்கே கேட்டது. வாங்கில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் இருந்திருப்பார்கள். யாரோ, "துண்டுக்காகப் பிள்ளையின்ரை கையைப் பழுதாக்குவினமோ" என்று சொன்னது நன்றாகக் கேட்டது. பாக்கியக்கா பிள்ளையைத் தன்னோடு அணைத்துக்கொண்டார். அவர் அழவில்லை.

ஐயா எழுந்து வந்து சரசுவை யன்னலடிக்குக் கூட்டிப்போனார். கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். கை முழுவதும் மஞ்சள்தான். ஆனால் ஊசி போட்ட இடத்தைச் சுற்றி, ஒரு உள்ளங்கையளவுக்கு, மஞ்சள் ஒரு பொட்டும் இல்லை. தோல் தன் நிறத்தில் இருந்தது.

"அம்மா கையாலை பொத்திக்கொண்டுதான் வார்த்தவ ஐயா" என்றாள் சரசு. "மிஸி மாமி ஊசி போட்ட இடத்திலை தண்ணி படப்படாதெண்டு. நேற்றுத்தான் மூண்டாவது செவ்வாய்."

"என்ன மூண்டாவது செவ்வாய், பிள்ளை?"

"அம்மாளுக்கு."

ஐயா பாக்கியக்காவைத் திரும்பிப் பார்த்தார். "அம்மாள் வந்தவவோ?"

"ஓம் ஐயா. மாசம் ஒண்டுக்கு மேலை."

"அண்டைக்கு நான் கேட்டனான்" என்றேன் நான். குரல் இன்னும் இறங்கவில்லை. "அப்ப இல்லையெண்டனீர்."

"மூண்டு செவ்வாய் மஞ்சள் தண்ணி வார்க்கிறதெண்டு நேர்த்தி, மிஸி. அது முடியுமட்டும் எப்பிடி வாய் திறக்கிறது? இவவை உள்ளறையிலை வைச்சுக்கொண்டு, பெரியம்மா வீட்டை போட்டா எண்டு உங்களுக்கும் சொன்னனான். அது பிழைதான்."

"வசந்திக்கும்…" என்று தொடங்கினாள் சரசு.

பாக்கியக்காவின் கை பிள்ளையின் வாயைப் பொத்தியது. முந்தின நாள் தண்ணீர் வார்க்கும்போது ஊசி போட்ட இடத்தைப் பொத்திய அதே கை. பொத்திக்கொண்டு அவர் நிலத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கியது. சரசுவுக்கு வந்து பன்னிரண்டு நாள் கழித்துத்தான் என் பிள்ளைக்குச் சுட்டது. நாலு நாள் கழித்து நான் அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்ட பிறகு, காதுக்குப் பின்னால் தோல் தவிடு போல உரிந்ததை அவளைக் குளிப்பாட்டிய பாக்கியக்கா பார்த்திருப்பார். பார்த்தும், எனக்காக அம்மாளின் பேரைச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

ஐயா மேசைக்குத் திரும்பினார். சரசுவின் அட்டையில், "செல்லாது. இரண்டு மாதத்தில் திரும்ப" என்று மையால் எழுதினார். "துண்டு தர ஏலாது அம்மா. தந்தா நாங்கள் இந்தப் பிள்ளையை மறந்துபோவம்" என்றார். பிறகு வசந்தியின் அட்டையைக் கையில் எடுத்தார். மூடி கழற்றிய பேனை மறு கையில் இருந்தது.

"மிஸி, உங்கடை பிள்ளைக்கு?"

"வேர்க்குரு மட்டுந்தான், ஐயா."

முதல் பதிலைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். இந்த இரண்டாவது பதிலைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குத் தெரியும். அந்த வெறுங்கை எனக்கு வேண்டியிருந்தது. இன்னொருத்தியைப் பொய்க்காரி என்று சொல்லி ஐந்து நிமிடமும் ஆகாத வாயால் வேறு எதைச் சொல்வது என்றும் தெரியவில்லை. ஐயா இரண்டாம் தரம் கேட்கவில்லை. பேனையை மூடினார். அட்டையைப் பெட்டியில் வைத்தார்.

இரண்டு மாதத்தின் பின் சரசுவின் கை நன்றாகத் தடித்தது. எக்ஸ்ரே படம் எடுத்தபோது நெஞ்சுக்குள் ஒரு கழலை பெருத்திருந்தது. அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தர எங்களிடம் மருந்து ஏதும் இல்லை. பால், முட்டை, மீனெண்ணெய், ஓய்வு, மாதாமாதம் நிறை பார்ப்பது. துண்டு இல்லாததால் தமக்கை சரசுவை எடுக்கவில்லை. கந்தசாமி அண்ணைக்கு ஆசுபத்திரியில் கட்டில் கிடைக்கும்வரை பிள்ளை அந்த வீட்டிலேயே இருந்தது. அந்த மாரிகாலம் வர அண்ணை உயிரோடு இல்லை. சரசு தேறி வருகிறாள் என்று கேள்வி. நான் வசந்தியை மச்சாளிடம் விட்டேன். நாலு வீடு தள்ளி இருந்தவர்களோடு கதை இல்லாமல் போயிற்று.

ஐயாவுக்கு மாற்றல் வந்தது. போகும் அன்று அலுமாரித் திறப்பை என்னிடம் தந்து, "பெட்டியிலை பென்சில் அட்டை ஏதும் கிடந்தா முடிச்சு வையுங்கோ மிஸி" என்றார். வேலையைப் பற்றிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். போன மாதம் புதுக் கிளினிக்குக்குக் கொடுக்க அட்டைகளை அடுக்கியபோது, பெட்டி முழுவதிலும் மை படாத அட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

இவ்வளவு நாளும் என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். பின்னேரம் தவறாமல் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்தேன். கடைத் தராசில் நிறுத்தேன். தும்மினால் எழும்பி உட்கார்ந்தேன். தெரிந்தால்தான் என்ன, மருந்தா இருக்கிறது என்று எனக்கே சமாதானம் சொன்னேன். பாலும் கண்காணிப்பும் சரசுவுக்குப் போதுமானதாக இருந்ததை அறிந்துகொண்டே அப்படிச் சொன்னேன். இரண்டு முறை புதுக் கிளினிக் படலைவரை போய்த் திரும்பினேன்.

போன ஞாயிறு மத்தியானம், சோறு போட்டுக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் மறைத்தாய் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுச் சொன்னார்:

"அந்த வேப்பிலை நான்தானே முறிச்சுக்கொண்டு வந்தனான்."

அவரும் அன்று வேர்க்குரு என்றுதான் சொன்னவர். வசந்தி தன் கோப்பையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஆகவே பிள்ளையைக் கொண்டுபோவதா என்று உங்களைக் கேட்கவில்லை. அது முடிவாகிவிட்டது. வருகிற மாதம் முதல் வியாழன் போகிறோம். அட்டையைக் கையில் எடுக்கும் அந்தப் புதுப் பிள்ளை குரலைத் தாழ்த்தி, அம்மாள் வந்து போனவவோ என்று கேட்பாள். கேட்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஓம் என்பேன். எப்போது என்று கேட்பாள். அதையும் சொல்வேன்.

முதல் வியாழன்தான் சரசுவுக்கும் நிறை பார்க்கும் நாள். பாக்கியக்கா அந்த வாங்கில் இருப்பார். நான் அவரைப் பொய்க்காரியாக்கியது அத்தனை பேர் முன்னால். அவர் என்னைக் காப்பாற்றியது தன் பிள்ளையின் வாயைப் பொத்தி. மன்னிப்புக் கேட்டால், ஒன்பது வயதுச் சரசுவுக்குத் தன் தாய் அன்று யாருடைய பொய்யை மறைத்தார் என்று விளங்கிவிடும். கேட்காமல் அருகில் இருந்தால், என் "ஓம்" அவர் காதில் விழும்வரை நான் காத்திருக்கிறேன் என்றாகிவிடும். இரண்டு வருடமாக அக்கா என்று கூப்பிடாத வாயால் இனி அப்படிக் கூப்பிடலாமா என்பதும் தெரியவில்லை.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஊசி போட்ட மூன்றாம் நாளும் கடந்திருக்கும். என் பிள்ளையின் கை என்ன சொன்னது என்று எனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கிளினிக் மாதாமாதம் உண்டு, வாங்கும் பழைய இடத்திலிருந்து கொண்டுபோன அதே வாங்குதான். வாசகர்களே, தாய்மாரே, நீங்கள் அதில் பாக்கியக்காவின் பக்கத்தில் வந்து இருந்தால் முதல் சொல்லாக எதைச் சொல்வீர்கள்? எழுதி உதவுங்கள்.